கேரியருக்கு லைசென்ஸ் உண்டா?

அன்று ஹால் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். நான். போலீஸ் ஆபீசர் கோடி, சின்ன வயசுப் பையன். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த பெரியவர் பழனிச்சாமி. அவர் மகன் சிவகுமார். மருமகள் கவிதா. கவிதாவின் இடுப்பில் மொட்டையடித்த குழந்தை. பலூன் கட்ட வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பரிசுப் பெட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்த விருந்தாளிகள். என் மேலாள் வெய்ன் சார் இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்.

எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுது எழுது என்று சொன்னது இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள். டெக்சாஸில் சட்டம் மாறிவிட்டது. பெரும்பாலான ஆட்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு போகலாம். "அப்ப வாசல்ல நாங்க என்னதான் அங்கிள் கேக்கிறது?" என்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. வாசலில் நின்றவன். நின்றபோது பார்த்ததை எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கம். படிப்பு எட்டாவது. உப்பு லாரியில் லோடு ஏற்றினேன். மஸ்கட்டில் குடோன் காவல் பார்த்தேன். என் மனைவி ரோஸ்லின் நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிரீன் கார்டு அவளுக்கு வந்தது, அவளோடு எனக்கும் வந்தது. இர்விங்கில் அபார்ட்மெண்ட். அவள் டூட்டிக்குப் போனாள். நான் வீட்டில் சோறு வடித்தேன். ரெண்டு மாசத்தில் சலித்துவிட்டது. செக்யூரிட்டி வேலைக்கு மனுப் போட்டேன்.

வகுப்பு, பரீட்சை, கைரேகை. இங்கிலீஷ் பரீட்சையை ரோஸ்லின் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பாஸானதும் ஓர் அட்டை தந்தார்கள். எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்றார்கள். எனக்குத் துப்பாக்கி கிடையாது. ஒரு டார்ச், ஒரு வாக்கி டாக்கி, ஒரு விசில்.

ரோஸ்லின் சிரித்தாள். "துப்பாக்கி வச்சிருக்கவன் உங்களுக்குக் காட்ட வேண்டாமாம். விசில் வச்சிருக்க நீங்க அட்டை காட்டணுமாம். நல்ல ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

முதலில் லாஸ் கொலினாஸில் ஓர் ஆபீஸ் கட்டிடம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இந்த ஹால். கல்யாண ரிசப்ஷன், வளைகாப்பு, கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்து, காதுகுத்து என்று நம் ஆட்கள் எடுத்து நடத்துகிற ஹால். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

அங்கே என் மேலாள் வெய்ன் சார். முன்பு ஷெரீப் ஆபீஸில் இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை. கையில் எப்போதும் சர்க்கரை போடாத ஐஸ் டீ. அந்தோணி என்பது அவர் வாயில் வரவில்லை. டோனி என்றார். டோனி ஆகிவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரொம்பக் கோபம் வந்தால் டீயைக் குடிப்பார். ஒருவரைப் பார்த்து விரல் நீட்ட மாட்டார். வாசலை மறித்து நிற்க மாட்டார். கொஞ்சம் சாய்ந்தாற்போல், கதவுக்கு வழி விட்டு நிற்பார். கேள்வி கேட்கும்போது இரண்டு கையும் பெல்ட் உயரத்தில் விரிந்திருக்கும். சாப்பாடு பரிமாற வந்தவர் மாதிரி இருக்கும்.

என்னைக் கார் பார்க்கிங்கில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். ஒரு பழைய துப்பாக்கி உறையைத் தன் இடுப்பில் மாட்டினார். அதில் வாழைப்பழத்தைச் செருகினார்.

"நான் விருந்தாளி. வா டோனி, என்னிடம் கேள்."

நான் போனேன். "சார், லைசென்ஸ்," என்றேன்.

அவர் டீயைக் குடித்தார். "நீ யார்?" என்றார்.

மறுபடி போனேன். மறுபடி டீ. அப்படி ஒரு மதியம் முழுக்கப் போனது. கடைசியில் எனக்குப் படிந்தது இதுதான். எதுவும் பேசுவதற்கு முன்னால் உன் பெயரைச் சொல். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல். ஒரே ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். காட்டினாலும் நன்றி, காட்டாவிட்டாலும் நன்றி.

பயிற்சி முடிந்ததும் வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தார். அப்போது சட்டத்தையும் சொன்னார். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாளம் கேட்டால் இரண்டு அட்டையும் காட்ட வேண்டும். வண்டி லைசென்ஸ் ஒன்று, துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று. கேட்பது போலீஸாக இருக்க வேண்டும். காவல்காரன் கேட்டால் காட்ட வேண்டியதில்லை. காவல்காரனும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. ஹால் ஓனருடைய இடம், ஓனர் வைத்தது முறை. அந்த நாளில் ஓனர் சொன்ன முறை, லைசென்ஸ் காட்டினால் உள்ளே விடு, இல்லையென்றால் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு வரச் சொல்.

"காட்ட வேண்டாம்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் சார் கேக்கணும்?" என்றேன்.

"அட்டைக்காக இல்லை டோனி. நீ கேட்கும்போது அவர் கை எங்கே போகிறது என்று பார்க்க. நல்ல பழக்கம் உள்ளவர் முதலில் வாயால் சொல்வார். கை அப்புறம்தான் போகும். பாக்கெட்டுக்குக் கை முதலில் போனால் நீ ஒதுங்கி நில்."

முதலில் வாய், அப்புறம் கை. இதை அவர் அடிக்கடி சொல்வார்.

ஓனருக்கு இன்னொரு விதியும் உண்டு. வெளிச்சாப்பாடு உள்ளே வரக் கூடாது. கேட்டரிங் அவருடைய மச்சான். நம் ஆட்கள் துப்பாக்கி கொண்டு வந்தது குறைவு. சாம்பார் கொண்டு வந்தது அதிகம். புடவைக் கடைப் பைக்குள் புளியோதரை. டயப்பர் பைக்குள் தயிர்சாதம். கிட்டார் பெட்டிக்குள் ஒருவர் வாழையிலையில் மடித்த பரோட்டா வைத்திருந்தார். என் கண் அதற்குப் பழகியது. துணிக்கு உள்ளே வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது பாத்திரம்.

சிவகுமாரை முதலில் பார்த்தது ஒரு கல்யாண ரிசப்ஷனில். லாஸ் கொலினாஸில் பெரிய மேனேஜர். பட்டு வேட்டி, ஜிப்பா. மழை பெய்து வாசலில் தண்ணீர் நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜிப்பா மேலே ஏறியது. உள்ளே பச்சை பெல்ட். நம் ஊரில் வேட்டிக்கு மேல் கட்டுவோமே, பர்ஸ் வைத்த அகலப் பச்சை பெல்ட், அதுதான். பர்ஸுக்குப் பக்கத்தில் உறையோடு துப்பாக்கி.

பச்சை பெல்ட்டில் வெற்றிலை பார்த்திருக்கிறேன், பீடி பார்த்திருக்கிறேன். இது புதுசு.

ஒதுங்கி நின்றேன். கையை விரித்தேன். "தம்பி, என் பேரு டோனி, வாசல் செக்யூரிட்டி. உங்க வலது பக்கம் நிக்கேன். பெல்ட்டுல இருக்கதுக்கு லைசென்ஸ் பாக்கலாமா?"

"லைசென்ஸ் இருக்குங்க அங்கிள். ஆனா உங்களுக்குக் காட்டோணும்னு சட்டம் இல்லீங்க."

"ஆமா தம்பி. சட்டம் இல்ல."

"அப்ப உள்ள போலாமுங்களா?"

"அதுக்கும் சட்டம் இல்ல தம்பி."

அவர் கை இரண்டும் வேட்டி முடிச்சிலேயே இருந்தது. நல்ல பழக்கம் உள்ளவர். பின்னால் நின்ற கவிதாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, காட்டிப் போட்டு வாங்களேன். பால் வாங்கப் போனாலும் அதைக் கட்டிட்டுத்தான் போறாரு அங்கிள். பசு முட்ட வருமாட்டிருக்குது."

"சும்மா இரு கவி. இது பிரின்சிபிள்."

"பிரின்சிபிளைக் கார்ல வெச்சுப் பூட்டிட்டு வாங்க. எனக்குப் பசிக்குது."

பிரின்சிபிள் காருக்குப் போனது. அவர் திரும்பி வந்ததும் கதவைத் திறந்தேன். நன்றி தம்பி என்றேன். மறுநாள் வெய்ன் சாரிடம் சொன்னேன். "அவர் சொன்னது சரி. நீ செய்ததும் சரி. யாரும் பசியோடு நிற்கவில்லை. நல்ல நாள்," என்றார்.

அதற்குப் பிறகு சிவகுமார் எங்கே பார்த்தாலும், இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பார்த்தாலும், "அங்கிள், நான் சொன்னது சட்டம்தானுங்க?" என்பார். "சட்டம்தான் தம்பி," என்பேன். சிநேகம் ஆகிவிட்டது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சட்டம் மாறுவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்பு. ஜனவரி. நல்ல குளிர். ஞாயிறு காலை. சிவகுமார் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். ஹாலை எடுத்தவர் அவரே. துப்பாக்கி விஷயம் என்னிடம் பேசிவிட்டார், லைசென்ஸை நான் பார்த்துவிட்டேன், நீ கேட்க வேண்டாம் என்று ஓனர் எனக்குப் போனில் சொன்னார். சரி என்றேன்.

கூட்டம் பெரியதென்றால் டூட்டி இல்லாத போலீஸ்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது ஹால் வழக்கம். யூனிபார்மிலேயே வருவார்கள். அன்று வந்தவர் கோடி. புதுசு. இந்த ஹாலுக்கு முதல் தடவை. வந்து காரை நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தார், அவ்வளவுதான். நான் போய்க் கை கொடுத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் பெரியவர் பழனிச்சாமி காரிலிருந்து இறங்கினார்.

பேத்தி காதுகுத்துக்காகக் கோபியிலிருந்து வந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயசு. விவசாயி. சர்க்கரை வியாதி. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கவிதா காலைக்கு நாலு இட்லி, மதியத்துக்கு நாலு இட்லி, பொடி, நல்லெண்ணெய் எல்லாம் ஒரு சின்ன மூன்றடுக்குக் கேரியரில் வைத்துக் கொடுத்திருந்தாள். ஹாலில் வெளிச்சாப்பாடு விட மாட்டார்கள் என்று மகன் சொல்லியிருந்தார். பெரியவர் யோசித்திருக்கிறார். மகனுடைய பெரிய குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். கேரியரை உள்ளே வைத்து ஜிப்பை ஏற்றினார். வலது கையை ஜாக்கெட்டுக்கு அடியில் விட்டுத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த என்னைத் தவிர்த்து, பலூன் பெண்கள் பக்கமாகச் சுற்றி வந்தார். திருட்டு நடை. இதெல்லாம் பிறகு அவரே சொன்னது.

பலூன் பெண்களில் ஒருத்தி பார்த்தாள். பெரிய ஜாக்கெட். இடுப்பில் புடைப்பு. ஜாக்கெட்டுக்குள் கை. கோடியிடம் போய்ச் சொன்னாள்.

கோடி பெரியவருக்கு எதிரே போய் நின்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "சார், ஆர் யூ கேரியிங்?"

இந்த ஊரில் அப்படிக் கேட்டால் ஒரே அர்த்தம்தான். துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா? நமக்கு அந்த வார்த்தையில் சைக்கிள் கேரியர் உண்டு, பஸ் கூரை மேல் கேரியர் உண்டு, சாப்பாட்டுக் கேரியர் உண்டு. துப்பாக்கி கிடையாது.

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. சோற்றைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷன்.

"எஸ் சார். கேரியர்," என்றார்.

கோடியின் கை உறை மேல் போனது. "டூ யூ ஹேவ் எ லைசென்ஸ், சார்?"

சாப்பாட்டுக்கு அனுமதிச் சீட்டு கேட்கிறார் என்று பெரியவர் எடுத்துக்கொண்டார். "நோ லைசென்ஸ். வெரி ஸாரி. ஒன்லி ஃபார் மீ. சுகர்."

"சார், கையை வெளியே எடுக்காதீங்க. அசையாதீங்க." கோடி இதை இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். குரல் மாறியிருந்தது. பெரியவருக்குக் கோபம் மட்டும்தான் புரிந்தது. ஆபீசர் கோபமாக இருக்கிறார், சீக்கிரம் திறந்து காட்டிவிட்டால் சரியாகிவிடும்.

"ஒன் மினிட் சார். ஐ ஷோ," என்றார். இடது கை ஜிப்புக்குப் போனது.

வாய் முதலில் வந்துவிட்டது. சொன்னது தப்பு வார்த்தை. இப்போது கை போகிறது.

கோடியின் துப்பாக்கி உறையை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. அவர் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். நான் கோடிக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில்.

எனக்கு அது பாத்திரம் என்று தெரிந்துவிட்டது. வட்டப் புடைப்பு. ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? இங்கிலீஷில் விளக்க எனக்கு நேரம் ஆகும். கை நிற்க வேண்டும், அதுவும் இப்போதே. தமிழில் என்ன சொல்வது?

"காட்டாதீங்க" என்று சொல்லலாம். நம் பேச்சில் வேண்டாம் என்பது வார்த்தையின் வாலில்தான் வருகிறது. காதில் முதலில் விழுவது "காட்டு". வால் வருவதற்குள் கை ஜிப்பைத் திறந்துவிடும். "கையைத் தூக்குங்க" என்று சொல்லலாம். எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கேரியருக்குப் பெயரே தூக்குதான். பயந்திருக்கிற மனுஷன் எதைத் தூக்குவார்?

இதெல்லாம் எழுத இவ்வளவு வரி ஆகிறது. அப்போது மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

முதலில் வெய்ன் சார் சொன்னபடி செய்தேன். மெதுவாக, இங்கிலீஷில், "ஆபீசர், டோனி, ஹால் செக்யூரிட்டி. உங்களுக்குப் பின்னால, இடது பக்கம். சத்தமாப் பேசப் போறேன்," என்றேன். கோடி திரும்பவில்லை. காதில் வாங்கினார் என்பது தோளில் தெரிந்தது.

அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன்.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

பெரியவரின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டது. "அரோகரா!"

அவர் யோசித்துச் செய்ததில்லை. எத்தனை வருஷம் பழனிக்கு நடந்த உடம்பு. குரல் கேட்டதும் கை தானாகப் போகும். நான் மாதா கோயில்காரன். ஆனால் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். சின்ன வயசில் தெருவில் நின்று அவர்களுக்கு மோர் ஊற்றியிருக்கிறேன். அந்தக் குரல் போட்டால் கை எங்கே போகும் என்று பார்த்திருக்கிறேன்.

நான் நினைத்தது அவர் ஒருவரைத்தான். நடந்தது வேறு. கார் பார்க்கிங் முழுக்க "அரோகரா!" என்றது. பரிசுப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் கையைத் தூக்கினார். காரிலிருந்து பாதி இறங்கியவர் பாதியிலேயே தூக்கினார். கவிதா குழந்தையைப் பிடித்த கையை விடாமல் மற்றக் கையைத் தூக்கினாள். என்னவோ சட்டம் என்று நினைத்துப் பலூன் பெண்கள் இருவரும் தூக்கினார்கள். பலூன் மேலே போய்விட்டது.

கோடி சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெறும் உள்ளங்கை.

அதில் ஒரு ஜோடிக் கை சிவகுமாருடையது. அப்பாவை நோக்கி ஓடி வந்தவர் ஓட்டத்திலேயே நின்று தூக்கியிருந்தார். ஜிப்பா மேலே ஏறிவிட்டது. பச்சை பெல்ட். பர்ஸ். பக்கத்தில் துப்பாக்கி.

கோடி பார்த்துவிட்டார். பெரியவரிடம் இருந்தது இட்லி. இது நிஜம்.

சிவகுமார் கையை இறக்கவில்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. வாயால் சொன்னார். "ஆபீசர், என் வலது இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. என் கை மேலேயே இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அவர் என் அப்பா." சுத்தமான இங்கிலீஷ், நிதானம். வெய்ன் சார் கேட்டிருந்தால் டீயைக் கீழே வைத்திருப்பார்.

கோடி தன் துப்பாக்கியை உறைக்குள் தள்ளினார். சிவகுமாரைத் திரும்பி நிற்கச் சொன்னார். அவர் இடுப்பிலிருந்த துப்பாக்கியைத் தானே எடுத்து, குண்டை இறக்கித் தன் கார் பானெட் மேல் வைத்தார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அடையாளம் கேட்டார். சிவகுமார் பர்ஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லி, எடுக்கட்டுமா என்று கேட்டு, எடுங்கள் என்றதும் இரண்டு விரலால் எடுத்தார். வண்டி லைசென்ஸ். துப்பாக்கி லைசென்ஸ்.

நான் பக்கத்தில் நின்றேன்.

"அங்கிள், பாத்துக்குங்க. இப்பக் காட்டறேன். போலீஸ் கேட்டா காட்டோணும்," என்றார் சிவகுமார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன் தம்பி. நன்றி," என்றேன். அட்டைப் படத்தில் மீசை வைத்திருந்தார்.

அப்போதுதான் பெரியவர் குரல் கேட்டது. அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. ஜாக்கெட்டின் கீழ்ப் பட்டைதான் கேரியரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, கையைக் கீழ போடலாமுங்களா? இல்ல இன்னொருக்கா அரோகரா போடோணுமுங்களா?"

"கொஞ்சம் இருங்கய்யா," என்றேன். கோடியிடம் சொன்னேன். "சார், உள்ளே இருப்பது லஞ்ச் பாக்ஸ். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் கேரியர்."

கோடி என்னைப் பார்த்தார். "கேரியர்," என்றார்.

"ஆமா சார். நீங்க கேரியிங்கான்னு கேட்டீங்க. அவர் உண்மையைச் சொன்னார்."

"லைசென்ஸ் இல்லை என்றாரே?"

"அதுவும் உண்மை சார். இட்லிக்கு லைசென்ஸ் இல்லை."

கோடியே போய் ஜிப்பை இறக்கினார். கேரியர் அவர் கைக்கு வந்தது. பளபளவென்ற எவர்சில்வர், இன்னும் சூடு. அதோடு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். உறை மேல் இருந்த கை இப்போது தனியாக ஆடியது. அவர் அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கை பசியில் ஆடுவதாகத்தான் பட்டது.

"அடப் பாவமே. காலைல இருந்து ஒண்ணும் சாப்புடலையாட்டிருக்குது. கண்ணு, உம்பேரென்ன?" நான் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னேன்.

"கோடி."

"கோடியா? ஒரு கோடியா, ரெண்டு கோடியா? மகராசன். தம்பி, அந்தப் போசியைத் தொறக்கச் சொல்லுங்க."

தூக்குப் போசி. வீட்டில் அவர் வைத்திருக்கும் பெயர் அதுதான். ஆபீசர் என்பதால் மரியாதைக்கு இங்கிலீஷில் கேரியர் என்று சொல்லியிருக்கிறார்.

பெரியவர் கல்லில் பக்கத்தில் உட்கார்ந்தார். கொக்கியை எடுத்தார், அடுக்கைப் பிரித்தார், பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்தார். கோடி என்னைப் பார்த்தார். வெளிச்சாப்பாடு விதி அவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. "ஹாலுக்கு உள்ளேதான் கூடாது சார். இது வெளியே," என்றேன்.

குளிரில் காது சிவந்த அந்தப் பையன் முதல் இட்லியைப் பிய்த்தார். உள்ளே பேத்தியைக் கூப்பிட்டார்கள். பெரியவர் போகவில்லை. "சாப்புடட்டும், வர்றேன்," என்றார். அவர் வந்த பிறகுதான் காது குத்தினார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெய்ன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் கட்டோடு படுத்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டார். "அந்த மனிதர் வீட்டில் அதை என்னவென்று சொல்வார்?" என்றார். போசி என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். டெக்சாஸில் அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை உண்டாம். திருடனைப் பிடிக்க ஷெரீபோடு துப்பாக்கி தூக்கிப் போகிற கூட்டத்துக்குப் பெயராம். "நல்லவேளை கேரியர் என்றார். ஜாக்கெட்டுக்குள் போசி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கண்ணைத் துடைத்தார்.

கால் சரியாகி வந்ததும் முதல் வேலையாக எல்லாக் காவல்காரர்களையும் நிறுத்தினார். வாழைப்பழம் வந்தது. புதுப் பாடம் ஒன்று. கேரியிங் என்று கேட்காதே. கன் என்று கேள். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து டீக் கப்பைக் கொஞ்சம் உயர்த்தினார்.

பிள்ளைகள் கேட்டதற்கு இதுதான் பதில். லைசென்ஸ் இப்போதும் உண்டு, வேண்டியவர் எடுக்கலாம். அப்படி எடுத்தவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாளம் கேட்டால் அதைக் காட்டத்தான் வேண்டும். உங்களுக்கு அன்றும் காட்ட வேண்டியதில்லை, இன்றும் வேண்டியதில்லை. கேட்பதை நிறுத்தாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கன் என்று கேளுங்கள். கையைப் பாருங்கள். புது ஆபீசர் வந்தால் அவர் கார் கதவைச் சாத்துமுன் போய்ச் சேருங்கள்.

சிவகுமார் இன்னும் பச்சை பெல்ட்டில்தான் கட்டுகிறார். என்னைப் பார்த்தால் இப்போது சட்டம் கேட்பதில்லை. "அங்கிள்," என்று இரண்டு கையையும் தூக்குகிறார். கவிதா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பெரியவர் கோபியில் சௌக்கியம். போன மாசம் மகனிடம் என் நம்பர் வாங்கிப் போனில் என்னோடு பேசினார்.

"தம்பி, அந்தக் கோடிப் பையன் சௌக்கியமுங்களா?"

"நல்லா இருக்கார் ஐயா. கல்யாணம் ஆயிருச்சு."

"எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். அன்னிக்கு அவன் எத்தன இட்லி தின்னான்னு நீங்களே சொல்லுங்க. இங்க டீக்கடைல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்."

எனக்குத் தெரியும். அன்று கடைசி வரை நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு.